ஏழான பஞ்சரத்னம்

தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்து, ஐந்து ராகங்களில்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. அப்பாவின் கைபேசியில் அது ஏழாக இருந்தது. கௌளை இரண்டு, ஸ்ரீ இரண்டு. மற்ற மூன்றும் ஒழுங்காக ஒவ்வொன்றாக நின்றன. அப்பா இதைப் புகாராகச் சொல்லவில்லை. குருவாயூரில் செம்பை சங்கீதோற்சவத்தின் தசமி நாளில் மேடை நிறைய வித்வான்கள் சேர்ந்து பஞ்சரத்னம் பாடுவதை வருடம் தவறாமல் வானொலியில் கேட்கிறவர் அவர். "இப்போதெல்லாம் கௌளையை இரண்டு தடவை பாடுகிறார்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் கேலி செய்யும்போது குரல் இன்னும் மரியாதையாகிவிடும்.

ஒன்றை அழித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தொகுப்பைத் தோண்டத் தோண்ட இன்னும் கிடைத்தது. தோடி இரண்டு, காம்போதி இரண்டு, மோகனம் இரண்டு, ஹிந்தோளம் இரண்டு. கல்யாணி ஒன்றுதான். சங்கராபரணம், பைரவி, கரகரப்பிரியா எல்லாம் ஒன்றுதான். ஒரே கச்சேரியின் ஒரே சிடியில் கல்யாணி ஒருமுறையும் தோடி இருமுறையும் வருவதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்? நேரம் நீண்டவை இரட்டிக்கின்றனவா என்று பார்த்தேன், இல்லை. மேளகர்த்தா எனப்படும் தாய் ராகங்களின் வரிசையில்கூடப் பார்த்தேன். தோடி எட்டாவது மேளம், கல்யாணி அறுபத்தைந்தாவது. அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. ராகம் பார்த்து இரட்டிக்கும் கணினி என்று ஒன்று இருக்க முடியாது என்று தெரிந்தும், கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம், கேரள மாநிலம். வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ். வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கோயம்புத்தூர்ப் பக்கம். சிடிகள் இரண்டு திசையிலிருந்தும் வந்து சேர்ந்தவை: கோவைக் கடைகளில் வாங்கியவை, கல்பாத்தித் தேருக்குப் போனபோது வாங்கியவை, பாலக்காட்டு உறவினர்கள் வீடு மாறும்போது தள்ளிவிட்டவை. எம்.டி. ராமநாதனும் கே.வி. நாராயணஸ்வாமியும் பாலக்காட்டு மண்ணில் பிறந்தவர்கள் என்பதால் அப்பாவுக்கு அவர்கள் மேல் தனி உரிமை உண்டு. எல்லாம் இப்போது இணையத்தில் கிடைக்கிறதே, ஏன் இந்தப் பாடு என்று கேட்பவர்களிடம் நான் விவாதிப்பதில்லை. கிடைப்பது கிடைக்கட்டும். என் அலமாரியில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் எந்தச் சேவையிலும் இல்லை. சில இருந்து, ஒரு நாள் காணாமல் போயின.

தட்டில் பெயர் கிடையாது

சிடியைக் கணினியில் ஏற்றுவது என்றால் ஏதோ கோப்பை நகலெடுப்பது போலப் பலர் நினைக்கிறார்கள். 1982இல் சந்தைக்கு வந்த அந்தத் தட்டில் கோப்பு என்று ஒன்று இல்லை. வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு ஒலிவழிகள். அது நீளமாக ஓடிக்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் எந்தப் பாடல் தொடங்குகிறது என்ற ஒரு அட்டவணை மட்டும் முன்னால் இருக்கும். அதிலும் நேரம்தான், பெயர் இல்லை. பாடகர் யார், ராகம் எது என்பது தட்டுக்குத் தெரியாது. கணினி திரையில் பெயர் வருகிறதென்றால், அந்த நேர அட்டவணையை இணையத்தில் ஒரு தரவுத்தளத்துக்கு அனுப்பி, முன்பே யாரோ ஒரு தன்னார்வலர் தட்டச்சு செய்து வைத்ததைத் திருப்பி வாங்குகிறது என்று அர்த்தம். அப்படி ஊரார் சேர்த்துக் கொடுத்ததில் வளர்ந்த முதல் தரவுத்தளம் பின்னால் வணிக நிறுவனத்தின் சொத்தாகிவிட்டது. இலவசமாகத் தொடர்ந்த ஃபிரீடிபி 2020இல் மூடப்பட்டது. மியூசிக்பிரெய்ன்ஸ் இன்றும் இருக்கிறது. கர்நாடக இசைத் தட்டுகளுக்கு இவற்றில் கிடைத்த பெயர்களைப் பார்த்தால் அழுகை வரும். ராகம் தானம் பல்லவி ஒன்று, மொத்தம் இரண்டே தடங்கள் கொண்ட தட்டு, ஏதோ ஐரோப்பிய மொழிச் சொற்பொழிவாகக் காட்டப்பட்டது. தடங்கள் குறைவாக இருந்தால் நேர அட்டவணை வேறு தட்டோடு பொருந்திவிடுவது எளிது.

அதனால் நானும் தம்பியும் பெயர்களை நாமே தமிழில் கொடுப்பது என்று முடிவு செய்தோம். அப்பா தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர். ராகத்தின் பெயரைத் தமிழில் பார்த்தால் போதும், பாட்டு அவருக்குத் தானே தெரியும். வரிசை எண், பிறகு ராகம். அவ்வளவுதான் விதி. தம்பி கோயம்புத்தூரில் தன் பழைய மேக் கணினியில் ஏற்றினான். நான் இங்கே விண்டோஸ் மடிக்கணினியில். இருவருமே ஃபிளாக் வடிவத்தில்தான் வைத்தோம். ஒலியில் ஒரு பிட்டையும் இழக்காமல் அளவை ஏறக்குறையப் பாதிக்குக் கொண்டுவருகிற வடிவம் அது, 2001இல் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட தட்டுகளை இருவருமே தனித்தனியாக ஏற்றியிருந்தோம், ஏனென்றால் அப்போது வீட்டு இணைப்பில் இவ்வளவு பெரிய கோப்புகளை அனுப்புவது நடக்காத காரியம். பின்பு வீட்டில் லினக்ஸில் ஓடும் ஒரு சிறிய கணினிப் பெட்டியை வாங்கி வைத்து, எல்லாவற்றையும் அதில் ஒன்றாக்கி, அங்கிருந்து கைபேசிகளுக்குப் போகும்படி செய்தோம். ஒன்றாக்கும் வேலையைத் தம்பி, கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற பழைய, நம்பகமான நிரலைக் கொண்டு ஒரே கட்டளையில் முடித்தான்.

கொம்பும் காலும்

விடை ஒரு விசையில் கிடைத்தது. இரண்டு கௌளைகளில் ஒன்றுக்கு வேறு பெயர் வைக்கலாம் என்று பெயர்ப்பெட்டியைத் திறந்து, கடைசியிலிருந்து எழுத்துகளை அழித்துக்கொண்டு வந்தேன். ளை போனது. அடுத்து ஒரு தட்டு. 'க' மட்டும் நின்றது. இரண்டாவது கோப்பிலும் அதே போல அழித்தேன். ளை போனது. அடுத்து அதே ஒரு தட்டு. இப்போது நின்றது 'கெ'. கொம்பு போகவில்லை. இன்னொரு முறை தட்டிய பிறகுதான் போனது. தோடியைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் 'த' நின்றது, மற்றொன்றில் 'தே' நின்றது. கண்ணுக்கு ஒரே பெயர். உள்ளே ஒன்று நான்கு குறிகளால் ஆனது, மற்றொன்று ஐந்து குறிகளால் ஆனது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக ஒரு கௌளை பன்னிரண்டு பைட், மற்றொரு கௌளை பதினைந்து பைட். லினக்ஸ் பெட்டிக்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும். அதன் கணக்கில் அவை வேறு வேறு கோப்புகள்.

அன்று அத்தை வீட்டில் இருந்தார். இந்த ஊரில் பல ஆண்டுகள் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்தியவர். லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வு எழுதிய பிள்ளைகள் இன்றும் வழியில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். நான் ஏதோ பெரிய கண்டுபிடிப்பைச் சொல்வதுபோலச் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "இதில் என்ன அதிசயம், கண்ணு? தோ என்றால் எப்போதுமே மூன்று தட்டுத்தான். இரட்டைக்கொம்பு, த, கால். ஒரே தட்டில் கொம்பும் காலும் சேர்ந்து வருவதுதான் எனக்கு அதிசயம்" என்றார். பிறகு, "கௌ என்றால் ஒற்றைக்கொம்பு, க, அப்புறம் ள. எங்கள் இயந்திரத்தில் அதற்கென்று தனி விசை கிடையாது, ள விசையையே அடிப்போம்" என்றும் சேர்த்துக்கொண்டார். இந்த இரண்டாவது வாக்கியத்தின் கனம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் தரநிலையான யூனிகோடு 1991இல் தமிழை ஏற்றபோது ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்க் குறிகளுக்கு இரண்டு வழிகளையும் அனுமதித்தது. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு துண்டாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று தரநிலையே சொல்கிறது. பழைய மேக் கணினிகளில் 1998 முதல் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, பெயர்களைத் துண்டாக்கிய வடிவில் சேமிக்கும் வழக்கம் கொண்டது. விண்டோஸ் நான் அடித்ததை அடித்தபடியே சேர்த்து வைத்தது. இரண்டுமே சட்டப்படி சரி. கல்யாணியிலும் சங்கராபரணத்திலும் ஒகரம், ஓகாரம், ஔகாரம் இல்லை. ஐகாரக் கொம்பு துண்டாவதில்லை என்பதால் பைரவியும் தப்பித்தது. மலையாளத்திலும் இதே இடத்தில் இதே பிளவு உண்டு. தெலுங்கில் ஓகாரம் உடையாது, ஐகாரம் மட்டும் உடையும். தெலுங்கில் எழுதிய தியாகராஜரின் கௌளையை எங்கள் தமிழ் எழுத்து இரண்டாக்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேரளத்தில் இருக்கும் தமிழர்களுக்கு இது புரியக் கூடுதல் விளக்கம் வேண்டாம். ரேஷன் அட்டையில் மலையாளத்தில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் தமிழ் முறைப்படி முதலெழுத்தோடு ஒரு பெயர், ஆதாரில் ஆங்கிலத்தில் மூன்றாவது. நிலத்தையோ ஓய்வூதியத்தையோ தொடும்போது கிராம அலுவலகத்தில் போய், இந்த மூவரும் ஒருவரே என்று சான்றிதழ் வாங்கி வர வேண்டும். அந்தச் சான்றிதழுக்குப் பெயரே 'ஒன் அண்ட் சேம்'தான். யூனிகோடு கொம்புக்கும் காலுக்கும் அந்தச் சான்றிதழைக் கொடுத்துவைத்திருக்கிறது. ஆனால் லினக்ஸ் பெட்டி அதைக் கேட்டு வாங்கிப் பார்க்காது. நாம்தான் எல்லாப் பெயரையும் ஒரே வடிவுக்கு மாற்றித் தர வேண்டும். கான்வ்எம்வி என்ற சிறு நிரல் அதைச் செய்கிறது. மாற்றியபோது தோடிகள் மோதிக்கொண்டன, ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்கினேன். பஞ்சரத்னம் ஆறானது.

ஸ்ரீ அசையவில்லை. அதற்குக் காரணம் வேறு. வெகு நாள் ஸ்ரீ என்பது ஸ, புள்ளி, ர, ஈகாரம் என்று எழுதப்பட்டது. 2005இல் யூனிகோடு ஶ என்ற தனி எழுத்தைச் சேர்த்த பிறகு அதைக்கொண்டும் எழுதலாம் என்றாகியது. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே ஸ்ரீதான். தம்பியின் விசைப்பலகை ஒன்றைக் கொடுத்தது, என்னுடையது மற்றொன்றை. இந்த இரண்டுக்கும் தரநிலையில் அந்தச் சான்றிதழ் கிடையாது. எந்த நிரலும் தானாக ஒன்றாக்காது. கையால் மாற்றினேன். ஐந்தாயிற்று. இன்னொரு தட்டில் மட்டும் கௌளை விடாப்பிடியாக இரட்டையாகவே நின்றது. அங்கே ஒரு பெயரை அடித்தவர் அப்பா. அத்தையிடம் தட்டச்சு கற்றவர். க, கொம்பு, ள என்று அடித்திருக்கிறார். அதாவது கெளளை. இப்போது நீங்கள் படிக்கும் திரையில் வேறுபாடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் உங்கள் எழுத்துரு நல்ல எழுத்துரு.

இரட்டிக்காதவை

இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன். கொம்பு, கால், ஸ்ரீ என்று நண்பர்களிடம் பல நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தான பஞ்சரத்னத்தை அப்பா வாசல் திண்ணையில் முழுக்கக் கேட்டார். பாலக்காட்டுக் கணவாயின் காற்று ஓயாமல் பனையோலையை உரசும் மாதம்; அந்த இரைச்சலிலும் அவருக்குக் கேட்டிருக்கிறது. "வராளியில் நடுவே ஒரு சொடுக்கு விழுகிறது. முன்பு இல்லை" என்றார்.

வராளியில் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நான் சொன்னேன். அது இரட்டிக்காதது. பெயரில் கொம்பு இல்லை, கால் உண்டு, உடையாத கால். நான் தொடவே இல்லை. ஆனால் கேட்டுப் பார்த்தபோது சொடுக்கு இருந்தது, சரணத்துக்குள் நுழையும் இடத்தில், நகத்தால் சுண்டியது போல. ஒலித்தட்டைக் கணினி வேகமாகப் படிக்கும்போது கீறல் இருந்தால் இப்படி ஆகும். சாதாரண சிடி பிளேயர் தவறிய மாதிரியைப் பக்கத்து மாதிரிகளை வைத்து ஊகித்து மூடிவிடும். கணினியில் அவசரமாக ஏற்றினால் ஓட்டை ஓட்டையாகவே பதிந்துவிடும். நான் எப்போதும் இரண்டு முறை படித்து ஒப்பிடும் முறையில்தான் ஏற்றுவேன். மெதுவாக ஆகும், ஆகட்டும்.

ஃபிளாக் கோப்பு ஒவ்வொன்றும் தன்னைச் சுருக்கிய நிரலின் பதிப்பு எண்ணைத் தனக்குள் குறித்து வைத்திருக்கும். வராளியின் உள்ளே 1.2.1 என்று இருந்தது. என்னுடையவை எல்லாம் 1.3. அதாவது அது தம்பி ஏற்றியது. நாட்டையைப் பார்த்தேன்: 1.2.1. ஆரபி: 1.2.1. பிறகு கல்யாணிகளைப் பார்த்தேன், சங்கராபரணங்களைப் பார்த்தேன், பைரவியைப் பார்த்தேன். இருவரிடமும் இருந்த தட்டுகளில், இரட்டிக்காமல் ஒழுங்காக ஒன்றாக நின்றவை அனைத்தும் அவனுடையவை. என்னுடைய கல்யாணி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஆர்சிங்க் சொன்னதைச் செய்யும். அனுப்புகிற பக்கத்தில் ஒரு பெயர், வாங்குகிற பக்கத்தில் அதே பெயர், ஆனால் அளவோ தேதியோ வேறு என்றால், வந்ததை எழுதி இருந்ததை மாற்றிவிடும். எது புதியது என்றுகூடப் பார்க்காது; பார்க்கச் சொன்னால்தான் பார்க்கும். அது பார்த்தாலும் எது சுத்தமாகப் படிக்கப்பட்டது என்பது அதற்குத் தெரியப் போவதில்லை. பெயர் எங்கே பொருந்தியதோ அங்கெல்லாம் என் பிரதி சத்தமில்லாமல் போய்விட்டது. பெயர் எங்கே பொருந்தவில்லையோ, கொம்பும் காலும் எங்கே தகராறு செய்ததோ, அங்கே மட்டும் இரண்டும் பிழைத்திருந்தன. நான் குறை என்று துரத்திக்கொண்டிருந்த தோடிகள்தான் இந்த இணைப்பில் சேதமில்லாமல் வந்தவை. அவற்றில்கூடப் பாதியை நானே ஒதுக்கியிருந்தேன். நல்லவேளை, ஒதுக்கினேனே தவிர அழிக்கவில்லை.

வீட்டுப் பெட்டியிலிருந்து கைபேசிகளுக்கும், மாதம் ஒருமுறை பீரோவுக்குள் வைக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் மாற்றங்கள் தானாகப் போய்விடும். போயிருந்தன. எல்லா இடத்திலும் ஒரே பிரதி இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தால், எல்லா இடத்திலும் ஒரே பிரதிதான் இருக்கும். சொடுக்கு இல்லாத வராளி ஒரே இடத்தில்தான் மிச்சமிருந்தது: அலமாரியில், பிளாஸ்டிக் உறைக்குள், தட்டாக. அதை எடுத்து மெதுவாக மீண்டும் ஏற்றினேன். எத்தனையோ பேர், "ஏற்றிய பிறகு தட்டு எதற்கு, பழைய இரும்புக்காரரிடம் போடு" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு இனி நான் வராளியைப் போட்டுக் காட்டுவதாக இருக்கிறேன்.

யார் எழுதலாம்

இப்போது ஏற்பாட்டை மாற்றிவிட்டேன். கைபேசிகளுக்கு அனுப்புவது சிங்க்திங் என்ற நிரல் வழியாக. நடுவில் எந்த நிறுவனத்தின் சேமிப்பகமும் இல்லை, எங்கள் கருவிகள் ஒன்றோடொன்று நேரே பேசிக்கொள்கின்றன. அதில் ஒரு கோப்புறையை 'அனுப்ப மட்டும்' என்றும் மறுமுனையில் 'வாங்க மட்டும்' என்றும் வைக்க முடிகிறது. வீட்டுப் பெட்டி அனுப்பும், கைபேசிகள் வாங்கும். அப்பா தன் கைபேசியில் இடம் போதவில்லை என்று எதையாவது அழித்தால் அது அங்கேயே நிற்கும், இங்கே வராது. மாற்றப்பட்ட கோப்புகளின் பழைய பதிப்பும் வாங்குகிற பக்கத்தில் ஒரு தனி இடத்தில் சில மாதம் தங்கும்படி பீரோ ஹார்டு டிஸ்க்குக்கு வைத்திருக்கிறேன். கைபேசிகளுக்கு ஃபிளாக் போவதில்லை. அதிலிருந்து செய்த, அளவில் சிறிய ஓபஸ் வடிவப் பிரதி போகிறது. ஒரு மணி நேரக் கச்சேரி அறுபது மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். அப்பாவின் காதுக்குக்கூட வேறுபாடு தெரியவில்லை, சோதித்துப் பார்த்துவிட்டேன்.

தம்பியிடம்தான் சிக்கல். அவன் அனுப்புவதெல்லாம் இனி 'வரவு' என்ற தனிக் கோப்புறையில் இறங்கும். அதிலிருந்து தொகுப்புக்குள் எடுத்து வைப்பது நான் மட்டுமே. "இது ஒத்திசைவு இல்லை அண்ணா, தாசில்தார் ஆட்சி" என்கிறான். மறுக்கவில்லை. ஆறு கருவிகளும் சமம், யார் வேண்டுமானாலும் மாற்றலாம், மாற்றம் எல்லோருக்கும் போகும் என்ற ஏற்பாடு கேட்க அழகாக இருக்கிறது. வேலைக்கான ஆவணங்களுக்கு அது சரியாகக்கூட இருக்கலாம், தவறு நடந்தால் அன்றைக்கே யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். பாட்டுத் தொகுப்பில் ஒரு வராளியை மறுபடி யாராவது கேட்க இரண்டு வருடம் ஆகலாம். அதுவரை சொடுக்கு எல்லாக் கருவியிலும் ஒற்றுமையாக உட்கார்ந்திருக்கும். எனவே தாசில்தார் ஆட்சியே இருக்கட்டும்.

அவனும் சும்மா இருக்கவில்லை. கொம்பு, கால் தகராறே வேண்டாம் என்று சொல்லி, அடுத்த தவணையை முழுக்க ஆங்கில எழுத்தில் பெயரிட்டு அனுப்பியிருக்கிறான். காம்போதி நான்கு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. தோடிக்கு மூன்று. ஒரு தட்டில் முதல் பாதிக்கு ஒன்றும் இரண்டாம் பாதிக்கு இன்னொன்றும் கொடுத்திருக்கிறான். கேட்டால், உறையிலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது என்று புகைப்படம் எடுத்து அனுப்புகிறான். புகைப்படத்தைப் பார்த்தேன், உண்மைதான். வரவுக் கோப்புறை நிரம்பிக்கொண்டிருக்கிறது. அத்தை அடுத்த வாரம் வருகிறார். பெயர்களை அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆனால் ளகர விசையைத் தொடக் கூடாது என்ற என் நிபந்தனையை இன்னும் ஏற்கவில்லை.